மாடி அறைக்கு ஆள் அனுப்ப வேண்டாம்

மட்டாஞ்சேரி,
ஆனி கடைசி ஞாயிறு, மழை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கொழுந்தியாள் அம்பிளி பணிவோடு எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் சகலை நலம், மாடியில் படுத்திருப்பவரும் நலம். உங்கள் நலத்தையும் அக்கா நலத்தையும் நான் தனியாக விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், மாதத்துக்கு ஒருவராவது சங்கரன்கோவிலிலிருந்து பையோடு வந்து இறங்கி, அக்காவுக்கு முட்டுவலி தேவலை என்றும் உங்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார்கள். சர்க்கரையைக் கவனியுங்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால், "சரித்தா, அடுத்த தடவ பாத்துக்கிடுவோம்" என்பீர்கள். வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்புவீர்கள், பின்னாலேயே ஓர் ஆளையும் அனுப்புவீர்கள். அதனால்தான் தாளை எடுத்தேன். நான் பள்ளியில் படித்தது மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் வைத்துப் பழக்கியது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். விஷயம் இவ்வளவுதான்: இனிமேல் எங்கள் மாடி அறைக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.

கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். யூதர்கள் தெருவான ஜூ டவுனில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மிளகுக் கிடங்கை மூடிவிட்டு அங்கே பழம்பொருள் கடை வைத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பித்தளைக் குத்துவிளக்கையும் உடைந்த கப்பல் சக்கரத்தையும் விற்பவர்களுக்கு என்னுடைய கணக்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். சும்மா உட்காரும்போது மனம் செய்கிற சத்தம் கிடங்கில் மூட்டை இறக்குகிற சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்போதுதான் உங்கள் சகலை லீவு நாட்களிலெல்லாம் சிமெண்டு குழைத்துக் கட்டிய அந்த மாடி அறை கண்ணில் பட்டது. வெளியூர்க்காரர்களுக்குத் தங்கக் கொடுக்கலாம், ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று தோன்றியது. நாற்பத்தாறு வயதில், யாருக்கும் மகளாகவும் மனைவியாகவும் சிப்பந்தியாகவும் இல்லாமல், என் பெயரில் நான் தொடங்கும் முதல் காரியம் இது. அதற்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு முன்னால் எர்ணாகுளத்தில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அந்த வகுப்பில்தான் என் தூக்கம் போனது.

வகுப்பெடுத்தது ஷபானா என்று ஒரு பெண். முதல் நாளே பலகையில் ஆங்கிலத்தில் 'புட் அப்' என்று எழுதி, இதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்ற திமிரில் நான் முதலில் தூக்கினேன். கையைத் தூக்குவதும் புட் அப்தான், ஒன்று செய்து காட்டிவிட்டீர்கள், மற்றதைச் சொல்லுங்கள் என்றாள். கட்டுவது, எழுப்புவது என்றேன். சுவர் எழுப்பினால் புட் அப், கூடாரம் அடித்தால் புட் அப், சுவரில் படம் மாட்டினால் புட் அப், நோட்டீஸ் ஒட்டினால் புட் அப், வாடகையை ஏற்றினால் புட் அப், வீட்டை விற்பனைக்கு விட்டால் புட் அப், விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நின்றாலும் புட் அப் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் கடைசியில், வீட்டில் ஒருவரைத் தங்க வைத்தால் அதுவும் புட் அப். நமக்கு இதுதான் முக்கியம், விருந்தாளி போனில் இதைத்தான் கேட்பார் என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜம்மா, எங்கள் தெருவில் ஏற்கெனவே ஹோம்ஸ்டே நடத்துகிறவள், என் காதுக்குள் சொன்னாள்: "ஐயோ அம்பிளீ, போன மாசம் ஒரு வெள்ளக்கார மதாம்மா போன்ல இதத்தான் கேட்டா. எங்கள ரெண்டு நாளைக்கு புட் அப் பண்ண முடியுமான்னு. நான் மேலே போடச் சொல்றான்னு நெனச்சு, ரூம் கீழதான் உண்டு, மேலே தண்ணி டாங்க் மட்டுந்தான்னு சொன்னேன். அவ போன வச்சிட்டா."

நான் சிரித்தேன். ஆனால் வகுப்பு முடிந்து படகில் திரும்பும்போது யோசித்தால், இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நாமும் இதைத்தானே செய்கிறோம். போடு என்று ஒரு சொல். போட்டுக்கொள் என்றால் சட்டை, போட்டுக்கொடு என்றால் கோள், போட்டுத்தள்ளு என்றால் போலீஸ். வினைக்குப் பின்னால் ஒரு சின்ன வாலை ஒட்டினால் மனிதனுடைய குணமே மாறிவிடுகிறது. மறுநாள் ஷபானா புட் அப்புக்கே இன்னொரு வாலை ஒட்டினாள். புட் அப் வித். அதற்கு அர்த்தம் பொறுத்துக்கொள்வது, சகித்துக்கொள்வது. நான் எழுந்து, டீச்சர், ஒருவரைப் புட் அப் செய்துவிட்டுப் புட் அப் வித் செய்யாமல் இருக்க வழியுண்டா என்று கேட்டேன். அவள், தனக்கு ஆலுவாயில் மூன்று நாத்தனார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அத்தான், அப்போது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. நீங்கள் அனுப்பியவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். கப்பல் பார்க்கவேண்டும் என்று வந்த உங்கள் நண்பர், நல்ல கப்பல் வரும்வரை இருந்தார். வந்த கப்பல் சின்னதாக இருக்கிறது என்று அடுத்த கப்பலுக்கும் இருந்தார். புதுமணத் தம்பதி என்று சொல்லி அனுப்பினீர்கள், அவர்களோடு பெண்ணின் அம்மாவும் வந்தாள், அவளோடு ஒரு மிக்சியும் வந்தது. கார்த்திகையில் மலைக்குப் போகிற கூட்டம் ஒன்று உங்கள் கையெழுத்தைக் காட்டி எங்கள் வாசலில் அடுப்பு மூட்டியது. எல்லோரும் நல்லவர்கள்தான், ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி வருவார்கள்: தோளில் ஒரு பை, கையில் என் பெயரும் தெருப் பெயரும் எழுதிய ஒரு துண்டுத் தாள், முகத்தில் பஸ் தூக்கம். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாசலில் நிற்பவரிடம் நீங்கள் யார் என்று கேட்கக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு, யார் என்பது சாயங்காலத்துக்குள் பேச்சுவாக்கில் தானாகத் தெரியும். எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்பதோ அடித்து விரட்டுவதற்குச் சமம். இந்த வழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிவாக்கில் சான்றிதழுக்காக அறையைப் பார்க்க ஆள் வருவார் என்று போனில் செய்தி வந்தது. பெயரில்லை. புதன்கிழமையே அறையைக் கழுவி, புது விரிப்புப் போட்டு, ஏசியை ஓடவிட்டுப் பார்த்தேன். திரைத்துணி மாட்ட வேண்டியிருந்தது, பெயர்ப்பலகை மாட்ட வேண்டியிருந்தது, கீழே நடையை அடைத்துக் கிடந்த பழைய கட்டிலைப் பின்பக்கம் தள்ள வேண்டியிருந்தது. மறுநாள் காலையில், "இதெல்லாம் இருந்து செஞ்சு தந்துட்டுப் போங்க" என்றால், உங்கள் சகலை, "ஐலண்டுல இன்னிக்கு லோடு உண்டு அம்பிளீ, சாயந்திரம் வந்து செய்யலாம்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு வெலிங்டன் தீவுக்குப் போய்விட்டார்.

பத்தரை மணிக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு, பாலிஷ் போட்ட ஷூ, கையில் நீலக் கோப்பு. "இது அம்பிளி அவங்க வீடுதானே?" என்றார். கோப்பையும் ஷூவையும் பார்த்தவுடன் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "ஆமா சார், வாங்க சார், மேலே வாங்க சார்" என்று முன்னால் ஓடினேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சாருக்குத் தகுந்த நடையில் ஏறினார். அறையைச் சுற்றிப் பார்த்தார், மெத்தையை அமுக்கினார், குழாயைத் திறந்து, "சுடுதண்ணி வருமா?" என்று கேட்டார். வரும் சார். "ஏசி ராத்திரி பூரா ஓடுமா?" ஓடும் சார். "இவ்வளவு நான் எதிர்பாக்கவே இல்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இளநீர் கொடுத்தேன், கரிமீன் பொரித்துச் சாப்பாடு போட்டேன், மறுசோறு வாங்கினார். பிறகு, கொஞ்சம் படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். மெத்தையை இப்படியெல்லாம் சோதிப்பார்கள் போலிருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டு வந்து உங்கள் சகலைக்குப் போன் செய்தேன்.

"சார் மெத்தையச் சோதிக்கிறாரு."

"எப்படி?"

"கொறட்டை விட்டு."

"அப்ப பாஸாயிடும்" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் நான் படியிறங்கினால் வாசலில் இன்னொருவர். கசங்கிய சட்டை, முதுகெல்லாம் வேர்வை, தோளில் ஒரு துணிப் பை, கக்கத்தில் குடை, கையில் துண்டுத் தாள். தாளில் என் பெயர். "இங்க அம்பிளீங்கறது யாராக்கும்?" என்று தமிழில் கேட்டார். அத்தான், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தலையோடு கால் பற்றியெரிந்தது. மாடியில் அதிகாரி படுத்திருக்கிற நாளாகப் பார்த்து அத்தான் ஆள் அனுப்பியிருக்கிறாரே என்று நினைத்தேன். அவர் பேசிய தமிழ் உங்கள் பக்கத்துத் தமிழாக இல்லை என்பது காதில் விழாமல் இல்லை. விழுந்தது, கோபத்தில் அது உள்ளே போகவில்லை. அந்த நிமிஷத்தில்தான் நான் தீர்மானம் செய்தேன்: இனிமேல் அத்தான் அனுப்புகிற ஆள் யாரானாலும் வேலை செய்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

"ரூமக் கொஞ்சம் பாக்கணமே" என்றார் அவர்.

"ரூமெல்லாம் ஆள் இருக்கு. பையை அங்க வச்சிட்டு இந்தக் கட்டில ஒரு கை பிடிங்க."

பிடித்தார். கட்டிலைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தோம். திரும்பி வந்து வாயைத் திறந்தார். திரைத்துணியைக் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டே, "தீயணைக்கற சிலிண்டர் எங்கயாக்கும் வச்சிருக்கேள்?" என்று கேட்டார்.

"ஏன், வந்த எடத்துல தீ வைக்கப் போறீங்களோ?"

"இல்லை, சும்மா கேட்டேன். கிணத்துத் தண்ணியோ, கார்ப்பரேஷன் தண்ணியோ?"

"எந்தத் தண்ணியா இருந்தா என்ன, குடிக்கத் தருவேன். அந்த ஏணியை எடுங்க."

ஏணியில் ஏறினார். கேட்டுத் தூணில் பலகையைப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்தார். அங்கேயிருந்தும் விடவில்லை. "ஆத்துல மொத்தம் எத்தனை பேர் தாமசம்?"

"ரெண்டு பேரு. உங்கள மாதிரி வர்றவங்களச் சேத்தா எண்ணி முடியாது."

அடுத்த வீட்டு மதிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சரோஜம்மா, "யாருடீ, பணிக்காரனா? நல்ல ஆளாக்கும். எனக்கும் ஒரு பல்பு மாட்டணும்" என்றாள். மதியத்துக்கு மேல் அனுப்புகிறேன் என்று நானும் சொன்னேன். அவர் ஏணியிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் மாடியில் இருந்தவர் விழித்து, முகம் கழுவி, தலைசீவி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். நான் கைகூப்பினேன். "சார், எல்லாம் திருப்தியா சார்?"

"ரொம்பத் திருப்திக்கா. பாண்டியராஜன் அண்ணாச்சி அப்பமே சொல்லிவிட்டாவ, அம்பிளியக்கா வீட்டுல ஒரு கொறையும் இருக்காது, போய்க் கிடந்துக்கோன்னு. ஆனா இந்த மாதிரி சார் சார்னு கூப்பிடுவீயன்னு சொல்லல. நாளைக்கு ஐலண்டுல இன்டர்வியூ இருக்கு. எந்தப் படகுல ஏறணும்?"

நீங்கள் அனுப்பிய அந்த மாரிச்செல்வத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதெல்லாம் தங்க வந்தவர் கேட்கிற கேள்விதான். ஏணியின் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்போ நான் எறங்கலாமா? இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தது நானாக்கும். எறங்கறதுக்கு முன்னாடி, போர்டு நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கோ."

பலகை நேராகத்தான் இருந்தது, அத்தான். நான்தான் நேராக நிற்கவில்லை. அவர் பெயர் வெங்கிடராமன், திருப்பூணித்துறைக்காரர், தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழ். மேலே கூட்டிக்கொண்டு போனேன். விரிப்பு சுருண்டு கிடந்தது, ஏசியின் மேல் மாரிச்செல்வத்தின் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது, தலையணையில் தேங்காயெண்ணெய். அவர் பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார். சாப்பிடச் சொன்னேன். மீன் வாசனைக்கு மூக்கைச் சுளிக்காமல், "மோர் இருந்தா மதி, அது போறும்" என்றார். மோர் குடிக்கும்போது, சார், முதலிலேயே யார் என்று சொல்லியிருக்கலாமே என்று அழாத குறையாகக் கேட்டேன். "சொல்றதுக்கு வாயத் தொறந்தப்போல்லாம் கையில எதையாவது குடுத்துண்டே இருந்தேளே" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்து, "எங்காத்துலயும் இப்படித்தான். எனக்குப் பழகிப்போச்சு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சான்றிதழ் தருவேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகிற வழியில் சரோஜம்மாவுக்குப் பல்பு மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இது நடந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. சான்றிதழ் வரவில்லை. மாரிச்செல்வத்துக்கு வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷம், ஆனால் வேலை கிடைத்தவர் இன்னும் மாடியில்தான் இருக்கிறார், ஏசி ராத்திரி பூரா ஓடுகிறது. "போகச் சொல்லுங்க" என்றால் உங்கள் சகலை, "வந்தவரை எப்படிப் போகச் சொல்றது, மோசமில்லியோ" என்கிறார். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஷபானா சொன்னாளே, மல்லுக்கு நிற்கிற புட் அப், அது இதுதான் என்று தெரிந்துகொண்டேன். ராத்திரி முழுக்க நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன்: வந்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு உனக்கு என்ன வெட்கம்? கேட்டால் மரியாதை குறையும் என்று யார் சொன்னது? பதில் வரும்வரை காத்திருந்தால் என் காரியம் நடக்காது. அதனால் முடிவு மட்டும் எடுத்துவிட்டேன். சான்றிதழ் கிடைக்காவிட்டால் திரும்ப விண்ணப்பிப்பேன். அதுவும் கிடைக்காவிட்டால் அதற்கடுத்தும் விண்ணப்பிப்பேன். அதுவரை எங்கள் வாசலுக்குத் துண்டுத் தாளோடு யார் வந்தாலும், பெயர் என்ன, யார் அனுப்பியது, எப்போது கிளம்புவீர்கள் என்று மூன்றும் கேட்டுவிட்டுத்தான் தண்ணீரே கொடுப்பேன். நீங்களும் இனி ஒருவருக்கும் என் விலாசம் எழுதிக் கொடுக்கக் கூடாது. நம் உறவு ஒன்றும் ஒரு மாடி அறையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. நீங்களும் அக்காவும் எப்போது வந்தாலும் அந்த அறை உங்களுடையது. ஆனால் சொல்லிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் உங்களையும் ஏணியில் ஏற்றிவிடுவேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் வேலையிலும் மேலே வரட்டும். சங்கரநாராயணர் உங்கள் சர்க்கரையை இறக்கி, என் சான்றிதழை ஏற்றித் தரட்டும்.

என்றும் உங்கள் மரியாதையுள்ள கொழுந்தியாள்,
அம்பிளி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, தபாலில் சேர்க்கச் சோம்பல்பட்டு இரண்டு வாரம் வைத்திருந்தேன். அதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. சுத்தம் நன்று, தண்ணீர் நன்று, தீயணைப்பு சிலிண்டர் உடனே வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வாங்கிவிட்டேன். ஆவணிக்கு ஒரு மதாம்மாவும் புருஷனும் வருகிறார்கள். மாரிச்செல்வத்தை மாடியிலிருந்து இறக்கிவிட்டேன், கீழே ஹாலில் இருக்கிறார்.

இன்னொன்று. நேற்று வெங்கிடராமன் சாரைப் படகுத்துறையில் பார்த்தேன். உங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வேண்டுமென்று அவர் அம்மாவுக்கு நெடுநாள் ஆசையாம், சங்கரன்கோவிலில் லாட்ஜெல்லாம் நிறைந்துவிட்டதாம், தெரிந்த லாட்ஜ் ஏதாவது உண்டோ என்று கேட்டார். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் கேட்டார், அதைச் சொல்லிவிட வேண்டும். "எங்க அத்தான் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு சார்?" என்று என் வாய் சொல்லிவிட்டது. என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. வாடகைப் பேச்சை எடுத்தார், நம் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்று கண்டித்துவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் அவர்தான். அம்மா, மனைவி, மனைவியின் தங்கை, தங்கையின் பிள்ளைகளும் கூட வருகிறார்கள். உங்கள் பெயரையும் தெருவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வாசலில் காட்டுவார். மாடி அறையை ஒழித்துக் கொடுங்கள். மீன் வேண்டாம், மோர் போதும். அவரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள், கூச்சப்படுவார். கட்டில் தூக்க, பலகை மாட்ட நன்றாக வரும்.

எப்போது திரும்புவார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம், நன்றாக இருக்காது.